தோற்கவே முடியாத லாரிப் பந்தயம்: பிக் ரிக்ஸ் ஆடும் முறை

'பிக் ரிக்ஸ்' என்ற கம்ப்யூட்டர் கேமில் ஜெயிப்பது எப்படி என்று எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும். மேல் அம்புக்குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருங்கள், அவ்வளவுதான். எதிராளி கிளம்ப மாட்டான். நேரக் கெடு கிடையாது. எதிலும் இடிக்க முடியாது. அப்படி ஆடினால் கொஞ்ச நேரத்தில் கொட்டாவி வந்துவிடும்.

நான் சொல்லப்போவது வேறு. பொங்கல், தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது இந்தக் கேமைப் போட்டு, எதை முதலில் காட்டி எதைக் கடைசிக்கு வைத்தால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்பது. வரிசை முக்கியம். ரிவர்ஸ் கியரை முதலிலேயே காட்டிவிட்டால் அதற்கப்புறம் எதைக் காட்டினாலும் சப்பென்றுதான் இருக்கும்.

கேமைப் பற்றி இரண்டு வார்த்தை. முழுப் பெயர் 'பிக் ரிக்ஸ்: ஓவர் த ரோடு ரேசிங்'. 2003 நவம்பரில் அமெரிக்காவில் விண்டோஸுக்கு வந்தது. செய்தது கலிபோர்னியாவில் இருந்த ஸ்டெல்லர் ஸ்டோன் நிறுவனம், வெளியிட்டது 'கேம்மில்' என்ற நிறுவனம். பெரிய பெரிய அமெரிக்க லாரிகளில் திருட்டுச் சரக்கு ஏற்றிக்கொண்டு, போலீஸுக்கு டிமிக்கி கொடுத்து நாடு முழுக்க ஓட்டலாம் என்று அட்டைப் பெட்டியில் ஆசை காட்டியிருந்தார்கள். உள்ளே சரக்கும் இல்லை, போலீஸும் இல்லை. சமைத்து முடிக்காமலே பரிமாறிவிட்டார்கள். கேம்களை விமர்சிக்கும் கேம்ஸ்பாட் தளத்தில் அலெக்ஸ் நவாரோ பத்துக்கு 1.0 மதிப்பெண் போட்டார். அந்தத் தளத்தில் அதற்குக் கீழே மதிப்பெண்ணே கிடையாது. அடுத்த 1.0 வாங்க இன்னொரு கேமுக்கு 2013 வரை ஆனது. பல விமர்சகர்களின் மதிப்பெண்ணைத் திரட்டிச் சொல்லும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 8.

எனக்கு இந்தக் கேமின் மேல் தனிப் பிரியம் வரக் காரணம் ஊர். நாமக்கல். லாரிக்கு பாடி கட்டும் ஊர். எங்கள் குடும்பத்தில் அப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லோரும் ஸ்டியரிங் பிடித்தவர்கள், நான் ஒருவன்தான் கீபோர்டு பிடித்தேன். லாரி ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கேமின் ருசியே தனி. கார் ரேஸ் ஆடுகிறவன் 'கிராபிக்ஸ் மோசம்' என்பான். லாரிக்காரர், 'என்னங்கண்ணு, ஏத்தத்துல கியரே மாத்தாம போறே?' என்பார். இரண்டாவது கேள்விதான் நமக்கு வேண்டும். ஆகவே ஏற்பாட்டில் முதல் வேலை, குடும்பத்தில் யார் லாரி ஓட்டினார்களோ அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவது. லாரிக்காரர் கிடைக்கவில்லையென்றால் பஸ் டிரைவர். அதுவும் இல்லையென்றால் டிராக்டர் ஓட்டுகிற ஒருவராவது இருக்கட்டும்.

ஒட்டுப் போடாத கேம்தான் வேண்டும்

இந்தக் கேமுக்குப் பின்னாளில் ஒரு பேட்ச், அதாவது குறைகளைச் சரிசெய்யும் ஒட்டு வந்தது. அதைப் போட்டால் எதிராளி லாரி நகர ஆரம்பிக்கும். நகர்ந்து, வளைந்து, பாதை முழுக்க ஒழுங்காக வந்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். தாண்டாது. நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து ஜெயிக்கலாம். இதற்கும் ஒரு சிரிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை பார்ப்பவர்களுக்கு மூல வடிவம்தான் சரி. மனசாட்சியே இல்லாமல், கிளம்புகிற இடத்தில் அப்படியே நிற்கும் எதிராளிக்கு ஈடு இல்லை. பேட்ச் போட்டதை வேண்டுமானால் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லாரி நான்கு, பாதை ஐந்து. எந்த லாரியை எடுத்தாலும் ஒன்றுதான், அதில் நேரத்தைப் போக்க வேண்டாம். பாதைகளில் 'டெவில்ஸ் பாசேஜ்' நல்லது, மேடு பள்ளம் எல்லாம் இருக்கும். 'நைட்ரைட்' என்று ஒன்று பட்டியலில் தெரியும். அதைத் தொடாதீர்கள். ஏன் என்று பிற்பாடு சொல்கிறேன்.

கீபோர்டை யார் கையில் கொடுப்பது? கூட்டத்தில் ரேஸ் கேம் நன்றாக ஆடுகிற பையன் ஒருவன் இருப்பான். வளைவுக்கு முன்னால் பிரேக் போடுவான், உள்பக்கம் ஒடித்துத் திருப்புவான், எதிராளியின் பின்னாலேயே ஒட்டிப் போய் எதிர்க்காற்றிலிருந்து தப்பிப்பான். அவனிடம் கொடுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். இந்தக் கேமின் கோணல்கள், ஒழுங்காக ஆடத் தெரிந்தவன் கையில்தான் பளிச்சென்று தெரியும்.

கிளம்புதல்

பந்தயம் தொடங்கும். பையன் மேல் அம்பை அழுத்துவான். லாரி கிளம்பும். பக்கத்து லாரி கிளம்பாது. முதல் வளைவு வரை அவன் பதற்றமாகவே ஓட்டுவான், ஏனென்றால் மற்ற ரேஸ் கேம்கள் அவனை அப்படிப் பழக்கியிருக்கின்றன. நீங்கள் எவ்வளவு முன்னால் போனாலும் பின்னால் வருகிறவனுக்குக் கள்ள வேகம் கொடுத்து உங்கள் பம்பரை முத்தமிட வைப்பது பல ரேஸ் கேம்களின் வழக்கம். ரப்பர் பேண்ட் என்பார்கள். நீங்கள் இழுத்துக்கொண்டு போகப் போக அவனும் இழுபட்டு வருவான். அது ஏமாற்று என்று தெரிந்தே ஆடுகிறோம், ஏனென்றால் அந்த நெருக்கடி இல்லையென்றால் பந்தயம் இல்லை.

இங்கே ரப்பரும் இல்லை, பேண்டும் இல்லை. எதிராளிக்கு மூளை என்று ஒன்றை எழுதவே இல்லை. நீங்கள் பையனிடம் சொல்ல வேண்டியதெல்லாம், 'பாத்துடா, பின்னாடி வரப்போறான்' என்பதுதான். அதை அவ்வப்போது சொல்லிக்கொண்டிருங்கள். உண்மை அவனுக்குத் தெரியவரும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். தெரிந்ததும் லாரியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே போய்ப் பார்ப்பான். எல்லோரும் இதைச் செய்கிறார்கள். எதிராளி அங்கேயே நிற்பான்.

அப்போதுதான் அடுத்த பாடத்துக்கு வாகான நேரம். 'இடிச்சுப் பாரு' என்று சொல்லுங்கள்.

வீட்டுக்குள் லாரி

இடிக்காது. எதிராளி லாரிக்குள் முகம் புகுந்து, மறுபக்கம் வெளியே வரும். ஒரு கீறல் இருக்காது, ஒரு குலுக்கல் இருக்காது. வீடு, கட்டடம் எல்லாமே அப்படித்தான். ஒரு வீட்டின் சுவரைப் பார்த்து நேராக விடச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோருமே கடைசி நொடியில் திருப்பிவிடுவார்கள். கை தானாகத் திரும்பும். அதை அடக்கிக்கொண்டு நேராக விடுவதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும்.

இது ஏன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு: திரையில் சுவர் தெரிகிறது என்பதற்காகக் கம்ப்யூட்டருக்கு அது சுவர் என்று தெரிந்துவிடாது. அதற்கு அது வெறும் படம். லாரியின் உருவமும் சுவரின் உருவமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா என்று நொடிக்குப் பல தடவை கணக்குப் பார்த்து, ஏறினால் நிறுத்து, நசுக்கு, சத்தம் போடு என்று ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். மோதல் கணக்கு என்பது அதுதான். கார் ரேஸ் கேமில் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது. இங்கே அதை எழுதாமலே விட்டுவிட்டார்கள். ஆகவே ஊர் முழுக்கப் பேய் ஓட்டுகிற லாரி.

பாலம்

எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்த இடம் பாலம்தான். ரோடு போய்க்கொண்டே இருக்கும், குறுக்கே ஒரு பள்ளம், அதன் மேல் முறையாகக் கட்டிய பாலம். பாலத்தில் ஏறியதும் லாரி பாலத்தின் ஊடாக இறங்கிப் பள்ளத்துக்குள் போய், அடியைத் தொட்டு, அந்தப் பக்கச் சரிவில் ஏறி மறுபடி ரோட்டுக்கு வந்துவிடும். வேகம் குறையாது. லாரிக்கு நிலம் மட்டும்தான் தெரியும் போல. பாலம் பாலமாக இருப்பது பார்க்கிற நமக்காக.

இதைக் காட்டும்போது ஓட்டுகிறவன் வேகத்தைக் குறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போனால் 'ஏதோ கோளாறு' என்று தோன்றும். முழு வேகத்தில் போனால்தான் அது கேமின் கொள்கை என்பது புரியும்.

பெரியப்பா கல்கத்தா லைனில் பல வருடம் ஓட்டியவர். இந்தப் பாலத்தை முதல் தடவை பார்த்தபோது ஒன்றும் சொல்லாமல், 'இன்னொருக்கா போ' என்றார். போனேன். லாரி பள்ளத்துக்குள் இறங்கி ஏறியது.

'ஏங்கண்ணு, அப்புறம் பாலம் எதுக்குக் கட்டுனான்?'

'தெரியலீங்க பெரியப்பா.'

'டோல் இருக்குதா?'

'இல்லீங்க.'

'அப்பச் செரி.'

அதற்கு மேல் அவர் பாலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. சுங்கம் வாங்காத பாலத்தில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

மலை ஏறுதல்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. லோடு வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும், ஒவ்வொரு வளைவிலும் கிளீனர் இறங்கிப் பார்ப்பார். இந்த அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் மலைப் பாடத்தை நடத்த வேண்டும்.

ரோட்டை விட்டு இறங்குங்கள். புல், மண், கல் எதிலும் வேகம் குறையாது, சக்கரம் வழுக்காது. தூரத்தில் மலை தெரியும். அதில் ஆகச் செங்குத்தான பக்கமாகப் பார்த்து மூக்கைத் திருப்புங்கள். சாய்வாக ஏறலாம் என்று நினைக்காதீர்கள், நேர் எதிரே போங்கள். அம்பிலிருந்து கையை எடுக்காதீர்கள். சுவரில் பல்லி போவதுபோல் லாரி விறுவிறுவென்று மேலே போகும். சமதரையில் என்ன வேகமோ அதே வேகம். உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போதும் அதே வேகம். பூமிக்கு ஈர்ப்பு இருக்கிறது என்ற செய்தி இந்த ஊருக்கு இன்னும் எட்டவில்லை.

சேலம் பக்கம் தொப்பூர் கணவாய் இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இறங்குவதுதான் ஏறுவதைவிடப் பெரிய சிரிப்பு. அங்கே லோடு வண்டி இறங்கும்போது டிரைவருக்கு இருக்கிற பயம் ஒன்றுதான். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், பின்னால் இருக்கிற அத்தனை டன்னும் சேர்ந்து முன்னால் தள்ளும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் என்ன ஆகும் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். இந்தக் கேமில் பாறைச் சுவரில் தலைகீழாக இறங்கினாலும் வேகம் காட்டும் எண் மாறாது. என் மாமா இதைப் பார்த்துவிட்டு, 'தொப்பூர்ல இந்த வண்டி ஒண்ணு இருந்தாப் போதும்' என்றார்.

பிரேக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பிரேக் போடும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு லாரியில் இருக்காது, லாரிக்குச் சற்றுத் தள்ளி அந்தரத்தில் மிதந்துகொண்டு எரியும். நீங்களாகச் சொல்லாதீர்கள். கண்ணில் படுகிறவருக்குப் படட்டும். கண்டுபிடித்தவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டும்போது கிடைக்கிற சிரிப்பை நீங்கள் காட்டி வாங்க முடியாது.

கோப்பை

நடுவில் ஒரு தடவை பந்தயத்தை முடித்தே ஆக வேண்டும். வழியில் தொட்டுப் போக வேண்டிய செக்பாயின்டுகளை ஒன்றுவிடாமல் தொட்டு வந்தால் போதும். வேலி எதுவும் தடுக்காததால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மலை வழியாகவோ, வீட்டின் ஊடாகவோ குறுக்கே போகலாம். முடித்ததும் மூன்று கைப்பிடி வைத்த ஒரு கோப்பை வரும், கூடவே 'யூ ஆர் வின்னர்!' என்று அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து. இந்தக் கேமை வாழ்நாளில் தொடாதவர்களுக்குக்கூட இந்த வாழ்த்து தெரியும். இணையம் அதை அவ்வளவு தூரம் கொண்டாடிவிட்டது. எங்கள் வீட்டில் யார் எந்தப் பரீட்சையில் பாஸானாலும் இதைத்தான் கத்துகிறார்கள்.

முடித்த பந்தயத்தை மறுபடி தொடங்கினால் சில சமயம் லாரி நகர்வதற்குள்ளேயே கோப்பை வந்துவிடும். பழைய பந்தயத்தின் செக்பாயின்ட் கணக்கை அழிக்காமல் வைத்திருக்கிறது என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. இது நடந்தால் நடக்கட்டும், நடக்கவில்லையென்றால் அதற்காகத் திரும்பத் திரும்ப முயன்று கூட்டத்தை அலுக்க வைக்காதீர்கள்.

இந்த இடத்தில் அட்டைப் பெட்டி வாக்குறுதியை எடுத்துவிடலாம். 'இதுல போலீஸ் துரத்தும், சரக்கு கடத்தணும்' என்று சொல்லிவிட்டுப் போலீஸைத் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஊர் முழுக்கத் தேடுவார்கள். எங்கள் வீட்டில் தேடிக் களைத்த பிறகு மாமா கேட்ட கேள்வி: 'லோடும் இல்ல, போலீஸும் இல்ல. அப்ப வாடகைய யாரு குடுப்பா, மாமூல யாரு வாங்குவா?'

ரிவர்ஸ்

இப்போது எல்லோரும் திரையைப் பார்த்து உட்காரட்டும். டீ வரவேண்டியிருந்தால் வந்துவிடட்டும்.

முன்னே போகும்போது லாரிக்கு ஒரு உச்ச வேகம் உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் போகாது. அதை ஒரு தடவை காட்டிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுக் கீழ் அம்பை அழுத்துங்கள். லாரி பின்னால் போகும். அழுத்திக்கொண்டே இருங்கள். இனி லாரியைப் பார்க்காதீர்கள், வேகம் காட்டும் எண்ணைப் பாருங்கள்.

முதலில் மெதுவாக ஏறும். அப்புறம் முன்னே போன வேகத்தைத் தாண்டும். பின் நிற்காது. தரையில் ஓடும் வண்டிகளில் உலக சாதனை மணிக்கு 763 மைல். 1997-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஆண்டி கிரீன் 'திரஸ்ட் எஸ்எஸ்சி'யில் ஓட்டியது. அந்த வண்டிக்கு இரண்டு ஜெட் என்ஜின். ஒலியைவிட வேகமாகப் போனது. நம் லாரி அதைப் பின்பக்கமாகவே தாண்டிப் போகும். இந்த எண் வரும்போது எல்லோரிடமும் சொல்லி ஒரு கைதட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கைதட்டு ஒளியின் வேகத்துக்கு. அது மணிக்கு 67 கோடி மைல். ஐன்ஸ்டீன் போட்ட எல்லைக் கோடு. லாரி அதையும் கண்டுகொள்ளாது.

இதற்குள் பாதை, மலை, ஊர் எல்லாம் எங்கோ போயிருக்கும். சுற்றிலும் சாம்பல் நிற வெறுமை. வரைபடம் அங்கே முடிந்துவிட்டது, ஆனால் முடிந்துவிட்டது என்று லாரியிடம் யாரும் சொல்லவில்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். விரல் வலிக்கும். நான் கீழ் அம்பின் மேல் 16-17 ஸ்பேனர் ஒன்றைக் குறுக்கே வைத்துவிடுவேன். பக்கத்து விசையில் படாமல் வைக்க வேண்டும், பட்டால் லாரி திரும்பிக்கொண்டே போகும். கனமான சாவிக்கொத்தும் ஆகும்.

இந்த எண் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். மணிக்கு 123 போட்டு அதன் பின்னால் 35 சைபர் மைல். நாம் பார்க்க முடிகிற பிரபஞ்சத்தின் அகலம் ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டு. கணக்குப் போட்டால் இந்த லாரி அதை ஒரு நொடிக்குள் 600 கோடி தடவைக்கு மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கடக்கும், அதுவும் ரிவர்ஸில். இந்தக் கணக்கைப் பெரியப்பாவிடம் சொன்னேன். 'ஆக்சில் தாங்காது' என்றார்.

காரணம் சின்னது. முன்னே போகிற வேகத்துக்கு இதற்கு மேல் ஏறாதே என்று ஒரு வரம்பு போட்டவர்கள், பின்னே போகிற வேகத்துக்குப் போடவில்லை. அழுத்திய நேரமெல்லாம் எண் ஏறிக்கொண்டே போகிறது, தடுக்க ஆள் இல்லை.

இனி கடைசிக் கட்டம். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுங்கள். லாரி நின்றுவிடும். உடனே. ஒரு அடி நகராது, ஒரு குலுக்கல் கிடையாது, டயர் தேய்கிற சத்தம் கிடையாது. பிரபஞ்சத்தை ஊடுருவிக்கொண்டிருந்த வண்டி அடுத்த கணம் ஷெட்டில் நிற்கிற வண்டி. ஏர் பிரேக் பிடித்து, புஸ்ஸென்று காற்று விட்டு, லோடோடு வண்டி நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று காலில் கணக்கு வைத்திருக்கிற மனிதர்களுக்கு இந்த இடம்தான் உச்சம். வேகத்தைக்கூட மன்னித்துவிடுகிறார்கள், இந்த நிறுத்தத்தை மன்னிக்க மாட்டேன் என்கிறார்கள்.

இந்த நிறுத்தத்தை வைத்து எங்கள் வீட்டில் ஒரு போட்டியே நடக்கிறது. ஒருவர் ஓட்டுநர், ஒருவர் கிளீனர். ஓட்டுநர் திரையைப் பார்க்கக் கூடாது, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் நீட்டிக் கீபோர்டைத் தொட வேண்டும். கிளீனர் திரையைப் பார்த்து, 'வரலாம்… வரலாம்… லெப்ட்டுல ஒடி… வரலாம்… ஹோல்டான்!' என்று சத்தம் கொடுப்பார். ரிவர்ஸில் வந்து, ஹோல்டான் என்ற இடத்தில் கையை எடுக்க வேண்டும். செக்பாயின்டுக்கு நேராக வண்டி நின்றால் ஒரு புள்ளி. உடனே நிற்கிற வண்டி என்பதால் மெதுவாகப் போகும்வரை இது சாத்தியம். கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் 'ஹோ' சொல்லி 'ல்டான்' சொல்வதற்குள் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். நிஜத்தில் கிளீனராக இருந்தவர்கள்தான் இதில் ஜெயிக்கிறார்கள். சத்தம் எப்போது கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. ரேஸ் கேம் புலிப் பையன் இதில் கடைசி.

சில தவிர்க்க வேண்டியவை

முன்கூட்டியே 'இது உலகத்திலேயே மோசமான கேம்' என்று அறிமுகம் செய்யாதீர்கள். சொல்லிவிட்டால் எல்லோரும் குறை கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். சும்மா, 'லாரி கேம் ஒண்ணு இருக்கு' என்று தொடங்குங்கள்.

வேறு கேம்களின் அபத்தங்களோடு ஒப்பிட்டு விவாதம் தொடங்கவும் இடம் கொடுக்காதீர்கள். யாராவது ஒருவர், 'ரோடு ராஷ்ல காரு மோதி பறந்து விழுந்தவன் எந்திரிச்சு பைக்கப் பாத்து ஓடுவானே' என்று ஆரம்பிப்பார். உண்மைதான், நானும் அந்த ஓட்டத்தைப் பார்த்துச் சிரித்தவன்தான். ஆனால் அதை யோசித்து வைத்திருக்கிறார்கள், விழுந்தால் நேரம் போகட்டும், ஆட்டம் போக வேண்டாம் என்று. 'மாரியோ கார்ட்' ரேஸ் கேமில் முதலில் போகிறவனைத் தேடிப் போய் அடிக்கும் நீல ஆமை ஓடும் அப்படித்தான், பின்தங்கியவனுக்கு ஒரு வாய்ப்பு. இங்கே யாரும் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்காத இடத்திலெல்லாம் வேடிக்கை முளைத்திருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும். திட்டமிட்ட நகைச்சுவை மூன்றாவது தடவை பழகிவிடும், இந்தப் பாலம் இன்னும் பழகவில்லை.

ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் கவனம். அவர்கள் இதை ரொம்ப நல்ல கேம் என்று முடிவு செய்துவிடுவார்கள். தோல்வி இல்லை, திட்டு இல்லை, எங்கு வேண்டுமானாலும் போகலாம், முடிவில் கோப்பை. அவர்கள் பார்வையில் என்ன குறை? என் அண்ணன் மகள் இதற்கப்புறம் வேறு ரேஸ் கேமைத் தொட்டபோது, சுவரில் மோதி நின்றதும் கேம் கெட்டுப்போய்விட்டது என்று அழுதாள்.

எப்படி முடிப்பது என்று கேட்பீர்கள். ரிவர்ஸைப் பார்த்த கூட்டம் லேசில் எழுந்திருக்காது, ஆளுக்கு ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். இரவு சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். அப்போது, 'இன்னும் ஒரு பாதை பாக்கி, ராத்திரியில ஓட்டுறது' என்று சொல்லி, தொடவேண்டாம் என்று முதலில் சொன்னேனே, அந்த நைட்ரைட்டைத் தேர்ந்தெடுங்கள். பேட்ச் போடாத கேமில் அந்தப் பாதை திறக்காது. கேம் அப்படியே மூடிக்கொண்டு போய்விடும், டெஸ்க்டாப் வந்து நிற்கும். 'வண்டி பிரேக்டவுன், எல்லாரும் சாப்பிட வாங்க' என்று கூப்பிடுங்கள்.